குடைக்கம்பியும் மயிற்பொறியும்

(தலைப்பு: பிள்ளைகளின் கைவேலை வெட்டி வேலையா? கெட்டி வேலையா? "கெட்டி வேலையே" என்ற அணியில், திருக்கோவிலூர் மேடையில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! தென்பெண்ணைக் காற்றை வாங்கிக்கொண்டு நேரம் போவது தெரியாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ரொம்ப நல்லாப் பேசினாங்க. "பையன் தீப்பெட்டியையும் தகர டப்பாவையும் பொறுக்கிட்டு வந்து டாங்கி செய்யறான், பீரங்கி செய்யறான், கிரகத்துக்குக் கிரகம் சண்டை போடற யந்திரம் செய்யறான். இது வெட்டி வேலை மட்டுமில்லை, வெறி வேலை. சின்ன வயசிலேயே ஆயுதத்தைக் கையில கொடுக்கறதா?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்ல கேள்விக்குத் தட்டணும் இல்லையா?

அம்மா, நீங்க எந்த ஊர் மேடையில நின்னு இதைக் கேட்கறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர் இது. அவரைப் போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் என்ன செய்தான்? திருநீறு பூசினான், சடை முடிந்தான், கையிலே ஓர் ஏட்டுக்கட்டை எடுத்துக்கிட்டு, ஆகமம் உபதேசம் பண்ண வந்தேன்னு சொல்லி அரண்மனைக்குள்ளே போனான். கட்டைப் பிரிச்சா உள்ளே கத்தி! ஆயுதம் வந்தது பொம்மைக்குள்ளே இல்லீங்க, புத்தகத்துக்குள்ளே! அதுக்காக இந்த ஊர்ப் பிள்ளைங்க யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லுவோமா? (கைதட்டல்)

இது வெள்ளைக்காரன்கிட்டேருந்து ஒட்டிக்கிட்ட வியாதின்னும் சொன்னாங்க. சிலப்பதிகாரத்திலே கோவலன் மதுரைக்கு வர்றப்போ கோட்டை மதில்மேலே என்னென்ன இருந்ததுன்னு இளங்கோ ஒரு பட்டியலே போடறார். கல்லை உமிழற கவண். கருவிரல் ஊகம்னு ஒண்ணு, குரங்கு உருவத்திலே செஞ்ச பொறி, கிட்டே வந்தவனைப் பாய்ஞ்சு கடிக்கும். சிரல், அதாவது மீன்கொத்தி, பறந்து வந்து கண்ணைக் கொத்தும். பன்றிப் பொறி வேற. அதுல எத்தனை நெஜமா மதில்மேலே இருந்தது, எத்தனை புலவர் மனசுல இருந்ததுன்னு நாங்க வாத்தியாருங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். உதயணன் கதை தெரியும் உங்களுக்கு. யாழ் வாசிச்சே யானையை மயக்கறவன். அவனைப் பிடிக்க உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செஞ்சு, வயித்துக்குள்ளே வீரர்களை ஒளிச்சு வெச்சுக் காட்டிலே விட்டான். உதயணன் யாழோட பக்கத்திலே போனான், மாட்டிக்கிட்டான். கற்பனைப் போர் யந்திரத்துக்கு நாம யாருகிட்டயும் கடன் வாங்க வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் பாடம். இப்போ என் வீட்டுக்கு வர்றேன். எதிரணிக்கு ஆதாரம் வேணும்னா என் வீட்டிலேருந்தே எடுத்துக்கலாம். அவ்வளவு இருக்கு.

2014ஆம் வருஷம் கோடை விடுமுறை. என் மகன் ப்ளஸ் ஒன் முடிச்சிருந்தான். வீட்டிலே குடை ஒண்ணு காணாமப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு என் சைக்கிள் மணியோட மேல்மூடி காணோம். அப்புறம் அவங்க அம்மாவோட மாத்திரை அட்டை, பேனா ரீஃபில், பழைய ரேடியோவுக்குள்ளே இருந்த பச்சை அட்டை, ஸ்டேப்ளர் பின் ஒரு பெட்டி. "ஏங்க, வீட்டிலே திருடன் வந்துட்டுப் போறானா?"ன்னு என் மனைவி கேட்டாங்க. "குடைக்கம்பி திருடறவனை நான் கேள்விப்பட்டதில்லை"ன்னேன். (சிரிப்பு)

எல்லாம் அவன் அறையிலே மேசைமேலே நின்னுக்கிட்டிருந்தது. மூணு கால், அதான் குடைக்கம்பி. குடைக்கம்பிக்குன்னு ஒரு மடிப்பு இருக்கு பாருங்க, அதுதான் முழங்கால். மேலே தலை, என் சைக்கிள் மணி. மாத்திரை அட்டையிலே வரிசையா குமிழ் இருக்குமே, அது ஜன்னல். ஸ்டேப்ளர் பின்னை ஒண்ணு கீழே ஒண்ணா குத்தி ஏணி. கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, அது மேலே செங்கல் பொடியைத் தேய்ச்சுத் துருப்பிடிச்ச மாதிரி பண்ணியிருந்தான்.

"என்னடா இது?"ன்னேன். "செவ்வாய் கிரகத்துக்காரங்க யந்திரம்பா"ன்னான். எச்.ஜி. வெல்ஸ்னு இங்கிலாந்து எழுத்தாளர், 1898ல புத்தகமா வந்த 'உலகங்களின் போர்' கதை. அதுல செவ்வாயிலேருந்து வர்றவங்க மூணு கால் யந்திரத்திலே ஏறி, அனல் கதிரை வீசி ஊரைப் பொசுக்குவாங்க. யந்திரம் கிட்டத்தட்ட 100 அடி உயரம். 1953ல ஹாலிவுட்டிலே படமா எடுத்தப்போ காலை எடுத்துட்டு, திருக்கை மீன் மாதிரி மிதக்கறதா மாத்திட்டாங்க. செம்புத் தகட்டிலே மாதிரி செஞ்சு, கம்பியிலே தொங்கவிட்டுப் படம் பிடிச்சாங்க. அந்தத் தந்திரக் காட்சிக்கு ஆஸ்காரும் கிடைச்சது. "எனக்குக் கால்தான்பா பிடிக்குது"ன்னான் என் பையன்.

அது பக்கத்திலே அரை அங்குலத்துக்கு ஒரு மனுஷன், தீக்குச்சியிலே செதுக்கினது. "இவன் எதுக்குடா?" "இவன்தாம்பா அளவு. அஞ்சரை அடி ஆள் அரை அங்குலம்னா, ஒண்ணுக்கு நூத்தி முப்பத்திரண்டு. யந்திரம் 9 அங்குலம் இருக்கு. கணக்குப் பாருங்க, 100 அடி வரும்." நான் தமிழ் வாத்தியாருங்க. கணக்கு எனக்கு ஜென்மப் பகை. மனைவிதான் போட்டுப் பார்த்துட்டு, "சரியாத்தான் இருக்கு"ன்னாங்க. "அப்ப நம்ம பெருமாள் கோயில் ராஜகோபுரம் 192 அடின்னு சொல்றாங்களே, அதைச் செய்ய எவ்வளவுடா ஆகும்?"னு அவங்க கேட்டாங்க. "ஒன்றரை அடிக்குள்ளே முடிஞ்சிடும்மா."

செஞ்சதோட விடலை. அதைப் படம் பிடிக்கணுமாம். இந்தத் தென்பெண்ணை ஆத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனான். மே மாசம் ஆறு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? மணல், மணல், மணல். செவ்வாய் கிரகம் தோத்துப்போகும். ஆனா அந்த மணலையும் அப்படியே விடலை அவன். மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துட்டு வந்து மணலைச் சலிக்கிறான்! ஏன்னா, ஒரு மணல் பருக்கை அந்த அரை அங்குல மனுஷன் பக்கத்திலே பாறாங்கல் மாதிரி தெரியுமாம். கண்ணு உடனே கண்டுபிடிச்சிடுமாம், இது பொம்மைன்னு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுச் சப்பாத்தியிலே செவ்வாய் கிரகம் நறநறன்னு கடிபட்டது. (பலத்த சிரிப்பு)

வெயில் ஏறறதுக்கு முன்னாலே, காலை ஆறரை மணி. மணலிலே ஒரு சின்னக் குழி தோண்டினான். செல்போனைத் தலைகீழாத் திருப்பி அதுக்குள்ளே வெச்சான். தலைகீழா வெச்சாத்தான் போனோட கேமரா கண்ணு தரையை ஒட்டி வருமாம். நாம நிக்கிற உயரத்திலேருந்து பார்த்தா அது பொம்மை. அந்த அரை அங்குல ஆளோட கண் உயரத்திலேருந்து பார்த்தா அது ராட்சசன். பின்னாலே தூரத்திலே கபிலர் குன்று. பாரி மகளிரை ஒப்படைச்சுட்டு, நண்பன் போன துக்கம் தாங்காம கபிலர் உயிர் விட்டதா நாம சொல்ற அந்தப் பாறை. நான் சாம்பிராணி புகை போடணும், அதுதான் எனக்குக் கொடுத்த உத்தியோகம். போட்டேன். கண்ணு எரிஞ்சது. எத்தனை படம் எடுத்தான்னு கூடப் பார்க்கலை. "முடிஞ்சுதாடா? எனக்கு ஒரு விடைத்தாள் கட்டு காத்துக்கிட்டிருக்கு"ன்னு கத்தினேன்.

எதிரணி அம்மா சொன்ன ஒண்ணை நான் ஒத்துக்கறேன். நேரம் போகும். ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்விலே அவன் மார்க் சரிஞ்சது. கொஞ்சம் இல்லை, நிறையவே. வீட்டுக்கு வந்தேன். பையன் டியூஷன் போயிருந்தான். அந்த மூணு காலை, இன்னும் பாதி செஞ்சு வெச்சிருந்த ரெண்டு யந்திரத்தை, ஒரு டப்பா நிறைய இருந்த உதிரிச் சாமானை எல்லாம் சேர்த்து, வாசல்ல போன பழைய இரும்புக்காரர்கிட்டே எடைக்குப் போட்டேன். 14 ரூபாய் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையிலே வெச்சுக்கிட்டேன்.

பையன் வந்தான். மேசையைப் பார்த்தான். அழுவான், கத்துவான்னு நான் தயாரா உட்கார்ந்திருந்தேன். மேடைப் பேச்சாளன் இல்லையா, பதில் எல்லாம் கையிலே வெச்சிருந்தேன். அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான். "அப்பா, காலை மடக்கித்தானே சாக்கிலே போட்டீங்க?"

(அரங்கத்தில் அமைதி)

நான் மடக்கலைங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம். கல்லூரியிலே சிந்தாமணி நடத்திக்கிட்டிருக்கேன். சச்சந்தன் கதை. அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையைச் சுத்தி வளைக்கறான். அரசன், கர்ப்பமா இருக்கிற விசயையை மயிற்பொறியிலே ஏத்தி வானத்திலே அனுப்பறான். வலப்பக்கம் திருகினா மேலே பறக்கும், இடப்பக்கம் திருகினா தரையிலே வந்து காலைக் குவிச்சு உட்காரும். எத்தனை நுட்பம் பாருங்க! அந்த மயிலை எதைக் கொண்டு செஞ்சான்னு திருத்தக்க தேவர் சொல்றார். துணிக் கிழிசல், பசை, நூல், அரக்கு, மெழுகு, இன்னும் கையிலே கிடைச்சது. ஏழே நாள்! பின் பெஞ்சிலேருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டா, "ஐயா, அப்ப வீட்டிலே கிடக்கிற குப்பையிலேதான் செஞ்சாங்களா?"

இருபது வருஷமா நடத்தின பாட்டு, நடுவர் அவர்களே! வரிக்கு வரி உரை சொன்னவன் நான். கந்தல் துணியும் மெழுகும் சேர்ந்தா ஒரு ராணியைத் தூக்கிட்டுப் பறக்கும்னு புலவன் பாடினா, "ஆகா, என்ன கற்பனை!"ன்னு கரும்பலகையிலே எழுதினேன். என் வீட்டு மேசையிலே குடைக்கம்பியும் சைக்கிள் மணியும் சேர்ந்து எழுந்து நின்னப்போ எடைக்குப் போட்டேன். அன்னைக்கு அந்த வகுப்பை அஞ்சு நிமிஷம் முன்னாடியே விட்டுட்டேன். (கைதட்டல்) தட்டாதீங்க, இது தட்டறதுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து அவன் பழைய செல்போனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படம் இருந்தது. முதல்ல ஏதோ இங்கிலீஷ் படத்து ஸ்டில்னு நினைச்சுத் தள்ளிட்டேன். அப்புறம் பின்னாலே கபிலர் குன்று தெரியுது! பனி மூட்டம் மாதிரி என் சாம்பிராணி. அதைக் கிழிச்சுக்கிட்டு மூணு காலிலே ஒண்ணு வந்து நிக்குது, பாறையை விட உயரமா. கீழே ஒரு தீக்குச்சி மனுஷன் அண்ணாந்து பார்க்கிறான். நம்ம உலகளந்த பெருமாள் சந்நிதியிலே நாம நிக்கறோமே, அதே நிலை. குள்ளமா வந்த வாமனன், ஒரு காலைத் தூக்கினதும் என்ன ஆனான்? உயரம் அவன் காலிலேயா இருக்கு? கீழே நின்னு பார்க்கிறவன் கண்ணிலேயும் இருக்கு.

உலகம் பூரா இதைச் செஞ்சவங்க இப்படித்தான் செஞ்சிருக்காங்க. 1977ல வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு விண்வெளிக் கப்பல் செஞ்ச பையன்கள், கடையிலே விக்கிற டாங்கி, போர்க்கப்பல் பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அதிலே இருக்கிற உதிரிப் பாகங்களைப் பிய்ச்சு ஒட்டினாங்க. 1980ல அடுத்த பாகம். நாலு காலிலே நடக்கிற யந்திரம் பனியிலே வருது. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், ஒரு விநாடிக்கு 24 படம். அந்தப் பனி என்ன தெரியுமா? ஆப்பத்துக்குப் போடறோமே, அந்தச் சோடா உப்பு! ஜப்பான்ல 1954ல 'காட்ஸில்லா'வுக்கு டோக்கியோ நகரத்தையே 25ல் ஒரு பங்கா கட்டி மிதிச்சாங்க.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? தாய்மார்களே, நவராத்திரிக்குக் கொலு வைக்கிறப்போ என்ன செய்யறீங்க? கண்ணாடியைப் படுக்க வெச்சுக் குளம். கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளி. பண்ருட்டி பொம்மை ரெண்டை நிறுத்திப் பூங்கா. அது வெட்டி வேலையா? (பெண்கள் பக்கம் கைதட்டல்) இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து முடியறப்போ, துரியோதனனை மண்ணாலே மலை மாதிரி படுக்க வெச்சுச் செய்யறோமே, அது போர் பொம்மை இல்லாம வேற என்ன? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சதே. இந்தத் திருக்கோவிலூர் வட்டமும் அதுல சேர்ந்ததுதானே. உளி பிடிச்ச முதல் நாள் அந்தக் கைங்க செஞ்சது சாமி சிலையாவா இருந்திருக்கும்? ஏதோ ஒரு கோணல் யானையாத்தான் இருந்திருக்கும்.

எதிரணி நண்பர் கேட்கப்போறார்: "அப்படிச் செஞ்ச உங்க பையன் இப்ப என்ன ஆயிட்டான்? விஞ்ஞானியா? சினிமாவிலே பெரிய ஆளா?" இல்லைங்க. பேங்கிலே வேலை பார்க்கறான். டெபிட், கிரெடிட். அவனோட யந்திரத்தாலே அவனுக்குப் பத்து பைசா வருமானம் இல்லை. ஞாயித்துக்கிழமை ஆனா உட்கார்ந்து செய்யறான், ஆத்துக்குப் போய்ப் படம் எடுக்கறான், திங்கட்கிழமை பேங்குக்குப் போறான். சாம்பிராணி புகை இன்னும் நான்தான் போடறேன். இப்ப விடைத்தாள் கட்டைப் பத்தி நான் வாயைத் திறக்கறதில்லை.

அந்த மூணு கால் யந்திரத்தை மறுபடி செய்டான்னு ஒருதரம் கேட்டேன். "அது போயிடுச்சுப்பா, வேற செய்யலாம்"ன்னுட்டான். வேற குடை ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், நல்ல குடை. அதைப் பிரிக்க அவனுக்கு மனசு வரலை. மழைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போறான்.

நடுவர் மணி அடிச்சுட்டார். முடிச்சுக்கறேன். அய்யா, உங்க முன்னாலே இருக்கிற அந்தத் தண்ணி பாட்டிலைக் குடிச்சு முடிச்சுட்டீங்கன்னா மூடியை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க. நீல மூடி அவன்கிட்டே இல்லை.

(நீண்ட கைதட்டல்)