ஓல்முட்ஸ் சிறையில் லஃபாயெத் குடும்பம்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரபு குலப் படை அதிகாரிகள் பலர் அயல்நாடுகளுக்கு ஓடி மன்னராட்சியை மீட்கப் படை திரட்டினர். புரட்சியின் பக்கம் நின்றவர்களிலும் பலர் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறிக்குப் பலியாயினர். இவ்விரு வழிகளிலும் சேராமல், இரு தரப்பினராலும் துரோகி எனத் தூற்றப்பட்டவர் மார்க்கி த லஃபாயெத். மார்க்கி என்பது கோமகனுக்கு அடுத்த நிலையிலுள்ள பிரபுப் பட்டம்.

1757-இல் பிறந்த அவர், பத்தொன்பதாம் வயதில் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கி அமெரிக்க விடுதலைப் போருக்குச் சென்றது நேயர்கள் பலரும் அறிந்ததே. 1789 ஜூலையில் மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒரு வரைவைச் சபையில் முன்வைத்த அவரிடமே, குடிமக்கள் ஆயுதமேந்திய பாரிஸ் தேசியக் காவற்படையின் தலைமையும் வந்தது. ஆனால் 1791 ஜூலை 17 அன்று, ஷாம் த மார்ஸ் திடலில் கூடிய மக்கள்மீது அப்படை சுட்டதில் பலர் மாண்டனர். அந்தப் பழி அவரை விட்டு நீங்கவேயில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மன்னராட்சி வீழ்ந்தபோது எல்லை கடந்த அவரை ஆஸ்திரியப் படையினர் பிடித்தனர்.

மொராவியாவின் ஓல்முட்ஸ் சிறையில் அவருக்குப் பெயரில்லை, எண் மட்டுமே. தற்கொலைக்கு அஞ்சிக் கத்தியும் முள்கரண்டியும்கூடத் தரப்படவில்லை. பாட்டி, தாய், தமக்கை மூவரையும் 1794 ஜூலை 22 அன்று கில்லட்டினுக்குப் பறிகொடுத்த அவர் மனைவி அத்ரியென், தாமும் பாரிஸ் சிறையிலிருந்து விடுபட்டதும், மகனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, இரு மகள்களுடன் அமெரிக்கக் கடவுச்சீட்டில் வியன்னா சென்று, பேரரசரை நேரில் கண்டு, கணவருடன் சிறையிருக்க அனுமதி பெற்றார். 1795 அக்டோபரில் மூவரும் அச்சிறைக்குள் நுழைந்தனர். அங்கேதான் அத்ரியென், பல்குச்சியை மையில் தோய்த்து, இயற்கை அறிஞர் புஃபோனின் நூலொன்றின் ஓரங்களில் தம் தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கைகால் வீங்கி நோயுற்றபோது, வியன்னாவில் மருத்துவம் பார்க்கலாம், ஆனால் சிறைக்குத் திரும்பக் கூடாது என்று பேரரசர் விதித்த நிபந்தனையை அவர் மறுத்தார். 1797 செப்டம்பரில் விடுதலை கிடைத்தும் உடல்நலம் முழுதாகத் தேறாமலே 1807-இல் மறைந்தார்.

லஃபாயெத் 1830 புரட்சியிலும் மீண்டும் காவற்படைத் தலைவரானார் என்பது தனிக் கதை. அவரைப் பற்றி இனிப் படிக்கும் நேயர்கள், போர்க்களப் பக்கங்களோடு நின்றுவிடாமல், ஓல்முட்ஸ் ஆண்டுகளையும் தேடிப் படிக்க வேண்டும். அவர் வாழ்வின் மிகத் துணிவான செயலைச் செய்தவர் அத்ரியெனே.