படிவமும் உண்மையும்

எக்ஸ்.எம்.எல். ஆவணம் ஒன்றை ஏற்குமுன், ஜாவா போன்ற மொழியில் எழுதிய கணினி நிரல் அதனை ‘ஸ்கீமா’ என்னும் விதிமுறையோடு ஒப்பிடுகின்றது. பெயர் எங்கே, திகதி எவ்வாறு, கட்டாயமானது எது என்பனவற்றை வகுப்பது அவ்விதிமுறை. ஒன்று குறையினும் ஆவணம் தள்ளுண்ணும். எழுதியது மெய்யா என்பதை மட்டும் அது அறியாது.

பதுளை, மொனராகலைத் தோட்ட மக்கள் கணினிக்கு முன்பே இத்தகைய சோதனையைக் கண்டவர்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946க்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. வாழ்ந்தது மெய், காட்டத் தாள்தான் பலரிடம் இல்லை. இலங்கையெங்கும் உரிமை கோரியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

ஸ்கீமாவிலும் ‘இதுவோ அதுவோ’ என மாற்றுச் சான்றுக்கு இடமுண்டு. அவ்விடத்தை வைப்பது விதியை வகுப்போர் கடமை.