ஒரு குடும்பத்தின் ஏடுகள்: பிராட், ரோம்னி மரபினரின் ஐந்து தலைமுறை



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். தமிழோடு நேரடித் தொடர்பு ஏதுமில்லாத ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வரலாறு அது. மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் சமயத்தாரின் முன்னோடிக் குடும்பங்களுள் ஒன்று. அச்சமயத்தின் கொள்கைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஐந்து தலைமுறைக் காலம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ஒரு குடும்பம், தன்னைப் பற்றிய நினைவை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதே நம் வினா. அதற்கு விடை தேடினால் எழுத்து, மொழி ஆகியவற்றின் வாயிலுக்கே வந்து சேர்கிறோம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1830 ஏப்ரல் 6ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் ஒரு திருச்சபையைத் தொடங்கினார். 'மோர்மன் நூல்' என்னும் மறைநூலை அவர் வெளியிட்டதனால், அவரைப் பின்பற்றியோர்க்கு அப்பெயர் அமைந்தது. சபை தோன்றிய அந்நாளிலேயே, நிகழ்வனவற்றை ஏட்டில் பதிந்து வைக்கவேண்டும் என்னும் கட்டளையும் இறைவாக்காக அறிவிக்கப்பட்டது. ஆகவே நாட்குறிப்பும் குடும்பப் பதிவேடும் எழுதுதல் அம்மக்களுக்குச் சமயக் கடமையாயிற்று. ஒகையோ, மிசூரி, இல்லினாய் என்று ஒவ்வோரிடத்திலும் எதிர்ப்புக்கு ஆளாகி அவர்கள் பெயர்ந்தனர். 1844இல் ஸ்மித் கொல்லப்பட்டார். 1846இல் நாவூ நகரைவிட்டு மேற்கு நோக்கி நடக்கலாயினர். 1847 சூலை 24ஆம் நாள், பிரிகாம் யங் தலைமையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். 1869இல் இருப்புப்பாதை இணைவதற்கு முன், வண்டியிலும் கால்நடையாகவும் அங்குச் சென்று சேர்ந்தோரையே முன்னோடிகள் என்று இன்றும் போற்றுகின்றனர்.

அம்முன்னோடிகளுள் இருவரை நாம் அறியவேண்டும். ஒருவர், நியூயார்க் மாநிலத்தில் 1807இல் பிறந்த பார்லி பிராட். சபை தொடங்கிய ஆண்டிலேயே அதில் இணைந்து, 1835இல் அப்போஸ்தலர் ஆனவர். மற்றவர், இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த மைல்ஸ் ரோம்னி என்னும் தச்சர். 1837இல் புதிய சமயத்தை ஏற்று, 1841இல் கடல் கடந்தார். நாவூ கோயில் கட்டுமானத்தில் உழைத்தார். பின்னாளில் யூட்டாவின் தெற்கே செயிண்ட் ஜார்ஜ் நகரத் தொழுகைக்கூடம் எழுவதற்கும் தலைமை ஏற்றார். ஒருவர் சொல்லால் வாழ்ந்தவர். மற்றவர் உளியால் வாழ்ந்தவர். இவ்விருவர் குடிகளும் இரண்டு தலைமுறைக்குப் பின்னரே, அதுவும் அயல்நாடு ஒன்றில், மண உறவால் இணைந்தன.

பார்லி பிராட் நூலாசிரியர். 1840இல் மான்செஸ்டரில் சபையின் இதழுக்கு முதல் ஆசிரியராக அமர்ந்தவர். எனினும் மொழி அவரையும் ஒருமுறை தோற்கடித்தது. 1851இல் சமயம் பரப்பச் சிலி நாட்டுக்குச் சென்றார். ஸ்பானிய மொழியைப் பயிலத் தொடங்கினார். பேசி விளங்கவைக்கும் அளவுக்குத் தேர்ச்சி கூடவில்லை. வால்பரைசோவில் பிறந்த தம் பச்சிளங்குழந்தையை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஒருவரையும் சபையில் சேர்க்க இயலாமல் 1852இல் திரும்பினார். 1857 மே மாதம் ஆர்கன்சா மாநிலத்தில் அவர் கொலையுண்டார். அவர் இறுதியாக மணந்த பெண் பிரிந்து வந்த கணவரே கொன்றவர். பார்லியின் தன்வரலாற்றை, அவர் மகன் தொகுத்து 1874இல் அச்சேற்றினார்.

தந்தை இறந்தபோது, ஹீலமன் பிராட் என்னும் மற்றொரு மகனுக்குப் பதினொன்று நிறையச் சில நாள்களே இருந்தன. நாவூவிலிருந்து மேற்கே செல்லும் வழியில், அயோவா புல்வெளியில் அமைந்த ஒரு தங்கலில் 1846இல் பிறந்தவர் அவர். ஹீலமன் என்பதே மோர்மன் நூலில் வரும் பெயர். 1875இல் மெக்சிகோவுக்குப் புறப்பட்ட முதல் சமயத் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். தந்தை மொழித்துணையின்றிச் சென்றார். மகன் குழுவினரோடு, ஸ்பானியத்தில் பெயர்த்து அச்சிட்ட மறைநூற் பகுதிகளைக் குதிரைமேல் ஏற்றிச் சென்றார். ஹீலமனின் மகன் ரே பிராட், மெக்சிகோவில் வளர்ந்து ஸ்பானியத்தைத் தம் மொழியாகவே கொண்டார். 1907 முதல் 1931இல் மறையும் வரை அந்நாட்டுச் சபைப் பணிக்குத் தலைமை ஏற்று, பாடல்கள் பலவற்றை அம்மொழியில் பெயர்த்தளித்தார். பாட்டனார்க்கு எட்டாத மொழி பெயரனுக்கு எளிதாயிற்று. ஒரு குடும்பம் ஒரு மொழியைக் கற்க மூன்று தலைமுறை எடுத்துக்கொண்டது என்று இதனைச் சொல்லலாம்.

அக்குடும்பத்தின் மற்றொரு கிளை எழுத்தையே புதிதாக ஆக்க முற்பட்டது. யூட்டாவுக்கு வந்தோருள் டேனியர், வேல்சு நாட்டவர் எனப் பல மொழியினர் இருந்தனர். ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மை அவர்களுக்குப் பெருந்தடையாயிற்று. அத்தடையை நீக்க, 38 எழுத்துகள் கொண்ட 'டெசரட்' நெடுங்கணக்கு 1854இல் ஏற்கப்பட்டது. பிட்மன் சுருக்கெழுத்தில் வல்லவரான ஜார்ஜ் வாட் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். டெசரட் என்பது மோர்மன் நூலில் தேனீயைக் குறிக்கும் சொல். பார்லியின் இளவல் ஓர்சன் பிராட், கணிதம் வல்ல அறிஞர்; அவரே இவ்வெழுத்தில் நூல்களை ஆக்கித் தந்தார். 1868இல் சிறுவர்க்கான இரண்டு பாடநூல்களும், 1869இல் மோர்மன் நூலும் அச்சாயின. 1877இல் பிரிகாம் யங் மறைந்ததும் இம்முயற்சி அடங்கியது.

மொழியியல் நோக்கில் இதன் குறைகள் சில தெளிவானவை. ஆங்கிலத்தில் மிகுதியாக ஒலிக்கும் அழுத்தமற்ற நடு உயிருக்குத் தனி எழுத்து அதில் இல்லை. எழுத்துகள் மேலும் கீழும் நீளாமல் ஓரளவாக நின்றமையால், சொல்லின் வடிவம் கண்ணில் பதியவில்லை. ஒலித்தவாறே எழுதுக என்றால், லங்காஷயர்த் தச்சர் ஒலிப்பதா, நியூயார்க் உழவர் ஒலிப்பதா, டேனியர் ஒலிப்பதா என்னும் வினாவும் எழும். இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு என்பது நம் கருத்து. அதற்குள் நாற்பது ஆண்டு நாட்குறிப்புகளும் மடல்களும் பழைய எழுத்தில் குவிந்துவிட்டன. புதிய எழுத்தை மட்டும் கற்ற குழந்தை, மறைநூலைப் படிக்கும். தன் பாட்டியின் மடலைப் படிக்காது. ஏடு காத்தலைக் கடமையாகக் கொண்ட மக்கள், அந்த ஏட்டுக்கும் குழந்தைக்கும் இடையே சுவர் எழுப்பும் எழுத்தை எவ்வாறு ஏற்பர்? இன்று டெசரட் எழுத்து, 2001 முதல் ஒருங்குறியில் இடம்பெற்று, ஆர்வலர்தம் கணினிகளில் வாழ்கிறது.

பழைய எழுத்தில் நின்ற அம்மடல்கள் எத்தகையன? இங்கு ரோம்னி இல்லத்துப் பெண்டிரை நினைக்கவேண்டும். தச்சர் மைல்சின் மகன் மைல்ஸ் பார்க் ரோம்னி, 1862இல் ஹன்னா ஹில் என்பாரை மணந்தார். மணமான ஒரு மாதத்திற்குள் சபை அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. மூன்றாண்டுகள் ஹன்னா பிறர் துணிகளை வெளுத்துப் பிழைத்தார். கணவர் மீண்ட பின், சபை அக்காலத்தில் போற்றிய பலதார மணத்தை ஏற்று வேறு மனைவியரையும் கொண்டார். அது தமக்களித்த துயரை ஹன்னா தம் நினைவுக்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். அந்நெறியை இறைக்கட்டளை என்று நம்பியதையும் அவ்வாறே எழுதினார். மற்றொரு மனைவியான காதரின் காட்டம், செயிண்ட் ஜார்ஜ் நகரில் இருந்த தம் பெற்றோர்க்குத் தொடர்ந்து மடல் எழுதினார். அம்மடல்கள் 1992இல் நூலாக வெளிவந்தன. பார்லியின் தன்வரலாற்றில் பயணமும் பரப்புரையும் மிகுதி. இப்பெண்டிர் எழுத்தில் அடுப்பும் நோயும், கணவர் சிறைப்படுவாரோ என்னும் அச்சமும் உள்ளன. குடும்பத்தின் முழு வரலாறு இரண்டையும் சேர்த்தால்தான் கிட்டும்.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1882இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம், பலதார மணத்தாரைச் சிறைக்கு அனுப்பியது. 1885இல் மைல்ஸ் பார்க் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்குத் தப்பிச் சென்றார். ஹீலமன் பிராட்டும் அங்கே குடியேறினார். 1890இல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்த பின்னும், அக்குடியேற்றங்கள் நிலைத்தன. அங்கே 1895இல், ஹன்னாவின் மகன் கேஸ்கெல் ரோம்னி, ஹீலமனின் மகள் அன்னா அமீலியாவை மணந்தார். இவ்விருவரும் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியில் வாழ்ந்தவர்கள். இவர்கள் மகன் ஜார்ஜ், 1907இல் டுப்லான் குடியேற்றத்தில் பிறந்தார். 1912இல் மெக்சிகோ புரட்சியின்போது, ஐந்து வயதில், எல்லை கடந்து டெக்சாசின் எல் பாசோ நகரை அடைந்தார். சட்டத்துக்கு அஞ்சி வெளியேறிய குடும்பம், துப்பாக்கிக்கு அஞ்சி, பெரும்பாலான உடைமைகளை விட்டுத் திரும்பியது.

பின்வந்த வரலாறு பலர் அறிந்ததே. ஜார்ஜ் ரோம்னி வாகன நிறுவனத் தலைவராகி, 1963 முதல் 1969 வரை மிச்சிகன் ஆளுநராக விளங்கினார். 1967இல் அதிபர் வேட்பாளராக முன்வந்தபோது, மெக்சிகோவில் பிறந்தவர் அப்பதவிக்குத் தகுதியுடையவரா என்னும் வினா எழுந்தது. மறைந்த பாட்டனார் ஒருவரின் பயணம், பெயரனின் அரசியலில் வந்து நின்றது. ஜார்ஜின் மகன் மிட் ரோம்னி 2012இல் அதிபர் தேர்தலில் போட்டியிட்டார். அவர்க்குப் பார்லி பிராட் எள்ளுப்பாட்டனார்; ஹீலமன் கொள்ளுப்பாட்டனார். எள்ளுப்பாட்டனார் வரை உறவுப்பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அப்பெயர்க்கு உரியவரை, அவர்தம் சொற்களிலேயே அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்?

மோர்மன்கள் 1894இல் குடிவழி ஆய்வுக்கென ஒரு கழகம் நிறுவினர். 1938 முதல் பதிவேடுகளை நுண்படச் சுருள்களாக்கினர். அவற்றைக் காக்கக் கருங்கல் மலையைக் குடைந்து காப்பறை அமைத்தனர். அத்தகைய மலை நமக்கு வேண்டியதில்லை. தோட்டப்புறத்திலும் துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்த நம் முன்னோரின் மடல்கள், கணக்கேடுகள், திருமண அழைப்புகள் இன்னும் சில இல்லங்களின் பெட்டிகளில் உள்ளன. அவை தமிழெழுத்தில் உள்ளன. பெயரப்பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர். சிலர் உரோமன் எழுத்தில் தட்டச்சும் செய்கின்றனர். பேச்சு மட்டும் வாழ்ந்து எழுத்து மறையுமானால், பெட்டியைத் திறந்தாலும் மடல் திறக்காது. டெசரட் எழுத்து வென்றிருந்தால் யூட்டாவில் நேர்ந்திருக்கக்கூடியது, எவரும் கட்டளையிடாமலே இங்கு நேரக்கூடும்.

ஆகவே நாம் வேண்டுவது இது. இல்லத்து முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஆடவர் சென்ற பயணங்களோடு, பெண்டிர் சுமந்தவற்றையும் கேளுங்கள். இனியவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டா. ஹன்னா அவ்வாறு செய்யவில்லை. எழுதியதைத் தமிழ் வகுப்பில் பயிலும் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்பிள்ளை தடுமாறும் இடத்தில் அருகிருந்து உதவுங்கள்.