மூவாயிரமாவது அடி



செய்யுளின் வரியை 'அடி' என்கிறோம்; மட்டையால் பந்தை அடிப்பதும் அடிதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டாவது அடியை.

அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில், ஒருவர் தம் அடியின் வலிமையாலேயே தளத்தை எட்டினால் அது ஒரு 'ஹிட்'. ஆயுட்காலத்தில் 3000 ஹிட் எடுத்தோர் மிகச் சிலர். புவேட்டோ றிக்கோவில் பிறந்த றொபேட்டோ கிளெமென்டேக்கு, 1972 ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது வயது 37. இன்னும் தேவைப்பட்டவை 118. உடல் ஒத்துழையாமற் பல ஆட்டங்கள் தவறின. எட்டுவாரா என்ற ஐயம் பருவத்தின் இறுதிவரை நீடித்தது. செப்டெம்பர் 29 இல் அவர் அடித்த பந்தொன்றை, தடுத்தவரின் தவறென்று கணக்கில் எழுதிவிட்டார்கள். மறுநாள் பிட்ஸ்பேர்க் மைதானத்தில் 3000 நிறைந்தது.

அந்தக் கணக்கு அதற்குமேல் வளரவில்லை. டிசெம்பர் 23 இல் நிக்கராகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் தகர்த்தது. அனுப்பிய நிவாரணப் பொருள்கள் உரியவரைச் சேரவில்லையெனக் கேள்வியுற்ற கிளெமென்டே, ஆண்டின் கடைசி இரவில் தாமே விமானமேறினார். விமானம் கடலில் வீழ்ந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை.

இன்னொருவர் சாம் றைஸ். 1934 இல், 44 ஆவது வயதில், 2987 உடன் ஓய்வுபெற்றார். பதின்மூன்று குறைவு. ஆயினும் 1963 இல் புகழ் மண்டபத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது.

நாற்பதைக் கடந்துவிட்ட நானும் ஓய்வூதியத்துக்கு எஞ்சிய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணுகிறேன். எண்ணுவது மனித இயல்பு, பிழையில்லை. ஆனால் கிளெமென்டே என்றதும் என் நெஞ்சில் நிற்பது மூவாயிரமாவது அடியன்று. அந்த விமானத்தில் ஏற அவர் எடுத்துவைத்த அடி.