சிலம்பின் உள்ளே என்ன பரல்?

(இரும்பையில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த இரும்பைக்கு ஒரு கதை உண்டு. ஆடிக்கொண்டிருந்த வள்ளியின் காலிலிருந்து நழுவிய சிலம்பைக் கடுவெளிச் சித்தர் எடுத்துப் பூட்டிவிட்டாராம்; ஊர் நகைத்ததாம்; சித்தர் சினந்து பாட, சிவலிங்கம் வெடித்ததாம். நான் அதை நம்புகிறவன் அல்லன். ஆனால் நாடகக்காரன், சிலம்பு என்று காதில் விழுந்தால் மனம் மதுரைக்கு ஓடிவிடுகிறது.

பாண்டியன் அவையிலே கண்ணகி வென்றது எதனால்? கண்ணீராலா? கண்ணீர் கண்டு இரங்கும் அவையா அது! தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று அவளுக்குத் தெரியும். உடைத்தாள், உண்மை தெறித்தது! தன் உடைமை இன்னதென அறிந்தவள் வழக்காடினாள், வென்றாள். அறியாதிருந்தால், கள்வனின் மனைவி என்ற பழியன்றோ மிஞ்சியிருக்கும்?

இன்று மணவிலக்கு வேண்டி நிற்கும் பெண்ணிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. "பரஸ்பர சம்மதம்" என்று அதற்குப் பெயர். "கையெழுத்துப் போடம்மா, கழுத்து விடுபடும்" என்கிறார் தாய்மாமன். தாளின் கடைசியிலே ஒரு வரி: நகை, சீர், ஜீவனாம்சம் எதிலும் இனி உரிமை கோரமாட்டேன்! படிக்காமல் கையெழுத்திட்டவள் சிலம்பை உடைக்காமலே தந்துவிட்டவள். அவசரப்படாதீர்! ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் மனு, பின்னும் ஆறு மாதக் காத்திருப்பு என்பதே பொதுவான முறை. தந்த சம்மதத்தைத் தீர்ப்புக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் 1991இலேயே கூறிவிட்டது.

நகை யாருடையது? உங்களுடையது. கேரளத்துப் பெண்ணொருத்தியின் 89 சவரன் நகையை, மணநாள் இரவிலேயே வாங்கித் தன் தாயிடம் ஒப்படைத்தான் கணவன். பத்திரமாக வைப்பதற்காம்! 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், சீதனம் கூட்டுச் சொத்து அன்று எனக் கூறி, 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லிற்று. ஆகவே பட்டியல் எழுதுங்கள். ரசீதையும் மணநாள் படத்தையும் காத்துவையுங்கள். பரல் இன்னதென்று காட்ட வேண்டாமா?

இனி, என் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகிறேன்.

மரக்காணத்து உப்பளத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். வெயிலும் உப்பும் கண்ணைப் பறிக்க, பாத்தியிலிருந்து தலைச்சுமையாய் உப்பைக் கரை சேர்க்கிறீர்களே, அந்தக் கூலி என்ன ஆகிறது? அரிசியாகிறது, எண்ணெயாகிறது, பிள்ளையின் புத்தகமாகிறது. கணவன் கூலி? மனையாகிறது; பட்டா அவன் பெயரில்! பதினைந்து ஆண்டு கழித்துப் பிரிவு வந்தால் மனை அவனுக்கு. அரிசி? அதுதான் தின்று தீர்ந்ததே!

வாழ்ந்த காலத்தில் சேர்த்ததைச் சரிபாதியாகப் பகிர்க என்று 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இருப்பது 25ஆம் பிரிவு, நிலையான ஜீவனாம்சம். பெயரிலே அம்சம் உண்டு. கையிலே பங்கு இல்லை. நீதிபதி பார்த்துத் தருவதுதான் தொகை. மறுமணம் செய்தால் அதையும் நிறுத்தலாம். உழைத்தவளுக்குப் பங்கா, படியா?

2023 ஜூனிலே சென்னை உயர்நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. கணவன் வெளிநாட்டில் ஈட்டியதில் வாங்கிய சொத்திலே, இங்கே வீட்டைக் காத்த மனைவிக்கும் பாதி உண்டென்றது. அது மணவிலக்கு வழக்கு அன்று. தீர்ப்பு சட்டமும் அன்று. சட்டமாக்க முடியாதா? அதே இந்து திருமணச் சட்டத்தை 1967இல் திருத்தி, 7-அ பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிற்று அண்ணாவின் அரசு. மகளுக்குச் சொத்தில் சமபங்கு என்று 1989இல் சட்டம் செய்தது தமிழ்நாடு. தில்லி விழித்தது 2005இல்! தந்தையின் சொத்திலே பங்கு பெற்றவள், தன் வியர்வையிலே பங்கு கேட்கக் கூடாதா? இதை நம் தோழர்கள் கிளைதோறும் கேட்க வேண்டும், நம் ஆட்சியிடமும் கேட்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதை விடாதீர்! வழக்கு நடக்கையிலேயே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். "எனக்கு வருமானமே இல்லை" என்று கணவன் கைவிரித்தால் போதாது. இருவரும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும் என்று 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் விதித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாயிற்று. மணவிலக்குப் பெற்ற இசுலாமியச் சகோதரிக்கும் 125ஆம் பிரிவு உண்டென்று அதே மாதம் தீர்ப்பு வந்தது. அந்தப் பிரிவின்படி பெற்ற தொகை நிலுவையானால், ஓராண்டுக்குள் நீதிமன்றத்தை நாடுங்கள். பிந்தினால் பிடிவாரண்டு கிடைக்காது.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் சட்டம் பேசுகிறானே என்கிறார் அங்கே ஒரு பெரியவர். உண்மைதான், ஐயா! வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டில் பிறந்ததால் கற்றது. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசியில் 15100 என்று அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

மேடைக்குப் பின்னே நம் வழக்கறிஞர் தோழியர் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். முந்தானையில் முடிந்த தாள் எவரிடமேனும் இருந்தால், கையெழுத்திடுமுன் அவர்களிடம் கொடுங்கள். வரிவரியாய்ப் படித்துச் சொல்வார்கள்.