வாயைச் சுற்றிய கருமை

கற்பிட்டி, உடப்பு முதலிய கரையோர ஊர்களிலே வாயைச் சுற்றிக் கருமை படர்ந்த பெண்பிள்ளைகள் சிலர் வகுப்பில் வாய்திறந்து பேசவும் நாணுகின்றனர். அக்கருமை அழுக்கன்று; தேய்த்தால் மிகும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலிற் செல்வோர்க்குத் தோல் வெந்து மேலும் கறுக்கும்.

முகத்திற் படரும் இத்தகைய கருமையைச் சுசுருத சங்கிதை ‘வியங்கம்’ என்னும். சினத்தையும் கடும் உழைப்பையும் அதன் காரணங்களாகக் கூறும். மஞ்சிட்டியைத் தேனிற் குழைத்துப் பூசுதல் ஆயுர்வேத மரபு. ஆயினும், காரணத்தை விலக்குதலே முதல் மருந்து. வெயிலுக்கு மறைப்புத் தேடுக. உதட்டை நக்குவதை விடுக.

விரைவில் வெண்மை தருவதாகக் கூறும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆதலின், 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவுபெற்ற வைத்தியரையே நாடுங்கள். பிள்ளையின் நிறத்தைப் பழித்துரைப்பதையும் விட்டொழியுங்கள்.