இரத்தத்தின் உரிமை யாருக்கு?

(மஹல்லா ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச வந்திருப்பது என்னுடைய ஒரு தவறைப் பற்றி. ஏழு மாதங்களுக்கு முன்னால் நம் ஊரில் ஒரு பிள்ளை வெட்டிக் கொல்லப்பட்டான். மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று இரவே இளைஞர்கள் கூடினார்கள். கொலைகாரனுக்குத் தூக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அது சுவரொட்டியாகத் தெருவெங்கும் நின்றது.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தூக்கு வேணும்னு நானா சொன்னேன் ஆலிம்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவன் நான். அந்த வாசலில் என்னிடம் பதில் இல்லை.

சகோதரர்களே! கொலையுண்டவனின் வாரிசுக்கு இறைவன் ஓர் அதிகாரத்தைத் தந்திருப்பதாகத் திருமறையின் 17-ஆம் அத்தியாயம் கூறுகிறது. வாரிசுக்கு! முஹல்லாவுக்கு அல்ல, கட்சிக்கு அல்ல, ஒலிபெருக்கி பிடித்தவனுக்கும் அல்ல. அந்த வாரிசும் வரம்பு மீறக்கூடாது என்று அதே வசனத்தில் எச்சரிக்கை இருக்கிறது. பழிக்குப் பழியைச் சட்டமாக்கிய 2-ஆம் அத்தியாயத்து 178-ஆம் வசனத்தைக் கவனித்து ஓதியிருக்கிறீர்களா? மன்னிப்பைப் பற்றிச் சொல்ல வரும் இடத்தில் அங்கே வருகின்ற சொல் சகோதரன். கொலை நடந்த பிறகும், கொன்றவனுக்கும் கொலையுண்டவன் வீட்டாருக்கும் இடையில் அந்தச் சொல்லை இறைவன் வைக்கிறான். இத்தனை வருடமாக ஓதுகிறேன்; அந்தத் தாய் கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லின் மேல் என் விரல் நின்றது.

அப்படியானால் தண்டனையைக் கேட்பது பாவமா? இல்லை. கேட்கின்ற தாயைப் பார்த்து, "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. மன்னித்துவிடு என்று வற்புறுத்துவதும் ஒரு கொடுமைதான். உஹது போர்க்களத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பிறகு இஸ்லாத்தை ஏற்று வந்து நின்றார். நபி (ஸல்) அவர்கள் பழி வாங்கவில்லை. ஆனாலும், உம்முடைய முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்களுக்கே சிறிய தந்தையின் நினைவு அப்படி வலித்தது என்றால், கூலி வேலை செய்து வளர்த்த மகனை இழந்த ஒரு தாயிடம் புன்னகையை எதிர்பார்க்க நாம் யார்?

ஒன்றை மட்டும் சொல்வேன். கேட்கின்ற தண்டனை திரும்பப் பெற முடியாதது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005-ல் சவூதிக்கு வேலைக்குப் போன ஏழைப் பெண். அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சுத் திணறியது என்றார் அவர். நீதிமன்றம் கொலை என்றது. அவருடைய கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியும் கேள்வி எழுந்தது. இலங்கை அரசு மன்றாடியது. பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9-ல் தண்டனை நிறைவேறியது. குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தாயையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் மிச்சமிருந்தது, பெண் மிச்சமில்லை.

இப்போது பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். மலப்புரத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் 2013-ல் குவைத்தில் கொல்லப்பட்டார். மரண தண்டனை பெற்றவர் நம் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், இந்து சகோதரர். 2017-ல் அவருடைய மனைவி பாணக்காட்டுக்கு வந்து, முஸ்லிம் லீக் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த முனவ்வர் அலி ஷிஹாப் தங்களைச் சந்தித்தார். கொல்லப்பட்டவரின் விதவை மன்னிப்புக் கடிதம் தர முன்வந்தார். 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு. அந்த ஏழைப் பெண்ணிடம் இருந்தது 5 இலட்சம். மீதியைத் திரட்டித் தந்தவர்கள் முஸ்லிம்கள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இரண்டு பக்கமும் பெண்கள், இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

"உயிருக்கு விலையா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பசியில்லாதவர்கள் கேட்கும் கேள்வி அது. சம்பாதித்தவன் போய்விட்டான், பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கொன்றவனின் பிணமா கட்டும்?

நம் நாட்டில் கிஸாஸ் சட்டம் இல்லை. இங்கே கொலை வழக்கை நடத்துவது அரசு. வாரிசு மன்னித்தாலும் வழக்கு நிற்காது. தூக்கு வேண்டுமென்றாலும் கிடைத்துவிடாது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை என்று வகுத்துவிட்டது. இது தெரியாமல் நாம் போட்ட சத்தம் யாருக்குப் பயன்பட்டது? எதிர்த் தெருவிலும் சுவரொட்டி முளைத்ததுதான் மிச்சம்.

பில்கிஸ் பானுவைப் பாருங்கள். 2002 குஜராத்தில் அவர் குடும்பத்தில் 14 பேர் கொல்லப்பட்டனர். மூன்று வயது மகளும் அதில் ஒருத்தி. 2017-ல் மும்பை உயர் நீதிமன்றம் 11 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு மரண தண்டனை கோரிய சி.பி.ஐ.யின் மனுவைத் தள்ளியபோது, தனக்குத் தேவை நீதி, பழி அல்ல என்றார். அதற்காகச் சும்மா இருந்துவிட்டாரா? 2022 ஆகஸ்ட் 15-ல் அந்த 11 பேரையும் முன்கூட்டியே விடுவித்தபோது, மீண்டும் படியேறினார். 2024 ஜனவரி 8-ல் அந்த விடுதலை செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். தூக்குக் கேட்காதவர் கோழையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் ஊர்த் தாய்க்கு வருகிறேன். அவர் என்ன விரும்புகிறார் என்று இந்த முறை கேட்டேன். "அவன் ஏன் செஞ்சான்னு கோர்ட்டுல அவன் வாயால சொல்லணும். எளய பையன் படிப்பு நிக்கக்கூடாது" என்றார். இவ்வளவுதான்.

சட்டப்படி, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு இழப்பீடு உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். ஆயிரம் சுவரொட்டி அடித்த நாம், அந்த ஒரு மனுவை இன்றுவரை எழுதவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன்.

வருகின்ற வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிறேன். அன்று தீர்மானம் எழுதச் சொன்ன இளைஞர்களில் இரண்டு பேர் என்னோடு வர வேண்டும். இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, குடும்ப அட்டை மூன்றுக்கும் நகல் எடுக்க வேண்டும். வரும் வழியில், கிழியாமல் மிச்சமிருக்கும் சுவரொட்டிகளையும் நாமே கிழித்துவிட்டு வருவோம்.